கால்பந்து நடுவராக விரும்புகிறவர் எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம்?

கேள்வி இது: "கல்லூரி வரை கால்பந்து ஆடியிருக்கிறேன். இப்போது எங்கள் ஊரில் பள்ளி அணிகளுக்கான போட்டிகளில் விசில் ஊத என்னைக் கூப்பிடுகிறார்கள். முறைப்படி தேர்வு எழுதி நடுவராக வேண்டும் என்று ஆசை. எந்தப் புத்தகம், எந்தக் காணொளி, என்ன பயிற்சி? இணையத்தில் தேடினால் வந்து குவிகிறது. எதை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைத் தீர்ப்புச் சொல்ல வைக்கும் எதையும் நம்பிப் பயன்படுத்தலாம். நீங்கள் யோசிப்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடும் எதுவும் பார்க்கச் சுவையாக இருக்கும், ஆனால் மைதானத்தில் கைகொடுக்காது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

விதிகளைப் பொறுத்தவரை குழப்பத்துக்கு இடமே இல்லை. கால்பந்துக்கு விதி எழுதும் அதிகாரம் உலகில் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. ஐ.எஃப்.ஏ.பி. என்று அழைக்கப்படும் அந்த வாரியத்தை 1886-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து சங்கங்கள் சேர்ந்து லண்டனில் தொடங்கின. ஃபிஃபா அதில் சேர்ந்தது 1913-இல்தான். இன்றும் ஃபிஃபாவுக்கு நான்கு வாக்குகள், பிரித்தானியச் சங்கங்கள் நான்குக்கும் தலா ஒன்று. எட்டில் ஆறு வாக்குகள் கிடைத்தால்தான் ஒரு விதி மாறும். மாற்றங்கள் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வருகின்றன. மொத்தம் 17 விதிகள் கொண்ட அந்தப் புத்தகத்தை வாரியத்தின் இணையதளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கைபேசிக்குச் செயலியும் இருக்கிறது. யாராவது விதிப் புத்தகத்தை உங்களிடம் விலைக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இறக்கியதும் அட்டையில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். கைமாறிக் கைமாறி வரும் பழைய பதிப்புகள்தான் புதிய நடுவர்களுக்குப் பெரிய ஆபத்து. 2016-இல் புத்தகம் முழுவதும் திருத்தி எழுதப்பட்டது. 2019-இல் கோல் கிக், டிராப் பால் (நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது), ஹேண்ட்பால் ஆகியவற்றில் பெரிய மாற்றங்கள் வந்தன. கோல் கிக் உதைத்ததும் பந்து ஆட்டத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும், அது பெனால்ட்டி பகுதியைத் தாண்ட வேண்டியதில்லை என்ற விதி அப்போது வந்ததுதான். 2025 ஜூலை முதல், கோல்கீப்பர் எட்டு விநாடிகளுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். அதற்கு முன் ஆறு விநாடி வரம்பும் மறைமுக ஃப்ரீ கிக்கும் (அதிலிருந்து நேராகக் கோல் அடிக்க முடியாது) இருந்தன. கடைசி ஐந்து விநாடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். 2018 பதிப்பைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறவர் இவற்றில் எல்லாம் தவறான விடை எழுதுவார், அதுவும் முழு நம்பிக்கையோடு.

முதல் விதியிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் கொடிக்கம்பத்தின் உயரத்திலும் பந்தின் சுற்றளவிலும் களைத்துப்போய்விடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் ஐந்தாம் விதி: நடுவரின் அதிகாரம் என்ன, எது வரை முடிவை மாற்றலாம், எப்போது மாற்ற முடியாது. அடுத்துப் பன்னிரண்டு: ஃபவுலும் ஒழுங்கீனமும். பிறகு பதினொன்று: ஆஃப்சைடு. இந்த மூன்றும் மனத்தில் அமர்ந்த பின், ஆட்டம் மீண்டும் தொடங்கும் வழிகளைப் பற்றிய எட்டாம் விதியையும் 13 முதல் 17 வரையுள்ள விதிகளையும் படியுங்கள். மைதான அளவு, உடை, பந்து ஆகியவை கடைசியில். பலர் திருப்பியே பார்க்காத இரண்டு பகுதிகள் புத்தகத்தின் பின்னால் உண்டு. ஒன்று சொற்களஞ்சியம், மற்றொன்று நடுவர்களுக்கான நடைமுறை வழிகாட்டல். எங்கே நிற்க வேண்டும், கொடியை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது விசில் தேவையில்லை என்பதெல்லாம் படங்களோடு இரண்டாவதில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டு மாற்றத்துக்கும் காரணத்தை விளக்கும் பகுதியும் உண்டு. காரணம் தெரிந்த விதி மறக்காது. ஆகவே அதையும் தவறவிடாதீர்கள்.

பள்ளிப் போட்டிகள் என்று சொன்னதால் இன்னொன்று. சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளர் மற்றும் அடித்தட்டு அளவிலான ஆட்டங்களுக்கு மைதான அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், வெளியேறிய ஆட்டக்காரரை மீண்டும் இறக்குவது, தற்காலிக வெளியேற்றம் போன்றவற்றைத் தேசியச் சங்கங்கள் மாற்றிக்கொள்ள விதிப் புத்தகமே இடம் தருகிறது. எனவே போட்டி அமைப்பாளர் தரும் ஒரு பக்க அறிவிப்பும் உங்கள் பாடநூல்தான். ஆட்டத்துக்கு முந்தைய நாளே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படித்தால் மட்டும் போதாது என்பதை எழுத்துத் தேர்வே காட்டிக்கொடுத்துவிடும். ஃப்ரீ கிக், த்ரோ-இன் போன்றவற்றிலிருந்து பந்து நேராகக் கோலுக்குள் போனால் என்ன என்ற கேள்விகளில் நன்றாக ஆடத் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். த்ரோ-இன் யார் மீதும் படாமல் எதிரணியின் கோலுக்குள் போனால் கோல் கிக். வீசியவரின் சொந்தக் கோலுக்குள் போனால் கார்னர் கிக். மறைமுக ஃப்ரீ கிக் நேராக எதிரணி வலைக்குள் போனால் கோல் கிக்தான், கோல் இல்லை. டிராப் பாலில் குறைந்தது இரண்டு ஆட்டக்காரர்களைப் பந்து தொட்டிருந்தால்தான் கோல். பெனால்ட்டி எடுப்பவர் பந்தைப் பின்னோக்கி உருட்டினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். ஒரு தாளில் இடப்பக்கம் ஆட்டம் தொடங்கும் வழிகளையும், மேலே 'எதிரணிக் கோல்', 'சொந்தக் கோல்' என்ற இரு தலைப்புகளையும் எழுதிக் கட்டங்களை நீங்களே நிரப்புங்கள். பிறகு புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தவறிய கட்டங்களை மட்டும் மறுநாள் மீண்டும் நிரப்புங்கள்.

எந்தக் கேள்விக்கும் விடையை நான்கு பகுதியாக எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். குற்றம் என்ன? அட்டை உண்டா, என்ன நிறம்? ஆட்டம் எப்படித் தொடங்கும்? எந்த இடத்திலிருந்து? உதாரணமாக, முன்கள ஆட்டக்காரர் கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு ஓடுகிறார், பின்னால் வரும் தடுப்பாளர் அவரை வீழ்த்துகிறார். வெளிப்படையான கோல் வாய்ப்பு பறிபோனது என்று வைத்துக்கொள்வோம். பெனால்ட்டி பகுதிக்கு வெளியே நடந்தால் நேரடி ஃப்ரீ கிக்கும் சிவப்பு அட்டையும். உள்ளே, பந்தை ஆட முயன்று காலில் தட்டிவிட்டால் பெனால்ட்டியும் மஞ்சள் அட்டையும். உள்ளே, சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் பெனால்ட்டியும் சிவப்பு அட்டையும். சட்டையை வெளியே பிடித்து, உள்ளே வரையிலும் விடாமல் இழுத்து வந்திருந்தால்? பெனால்ட்டிதான். ஒரே காட்சியைச் சிறிது சிறிதாக மாற்றி இப்படி நான்கு விடைகள் எழுதிப் பார்ப்பது, பத்துப் பக்கங்களை மேலோட்டமாகப் படிப்பதைவிடப் பயன் தரும். நண்பர் ஒருவர் கிடைத்தால் அவர் காட்சியைச் சொல்ல நீங்கள் விடை சொல்லுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் விதியில் மூன்று படிகள் இருக்கின்றன. நடுவர் வேலையில் பாதி அந்த மூன்றையும் பிரித்தறிவதுதான். கவனக்குறைவாக மோதினால் ஃபவுல் மட்டும், அட்டை கிடையாது. எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மீறிய வலுவோடு மோதினாலோ எதிராளியின் உடலுக்கே ஆபத்து விளைவித்தாலோ சிவப்பு. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். மைதானத்தில் இந்த மூன்றுக்கும் இடையே எல்லைக்கோடு வரைவதற்குப் பழகிய கண் வேண்டும். அதற்குத்தான் காணொளி. அதற்கு வருவதற்கு முன், காதில் விழும் சில தவறான வாக்கியங்களைக் களைந்துவிட வேண்டும்.

"பந்தைத் தொட்டுவிட்டார், எனவே ஃபவுல் இல்லை" என்று வர்ணனையாளர்கள் தினமும் சொல்கிறார்கள். பந்தைத் தொட்ட பிறகும், தொடும்போதும் எதிராளியை ஆபத்தாகத் தாக்க முடியும். அப்போது அது ஃபவுல்தான், சிவப்பு அட்டையாகவும் ஆகலாம். "கடைசி ஆள், அதனால் சிவப்பு" என்பது இன்னொன்று. விதியில் கடைசி ஆள் என்று எவரும் இல்லை. கோல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து ஆட்டக்காரரின் வசப்படுமா, தடுப்பாளர்கள் எங்கே எத்தனை பேர் என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது விதி. ஒரே தடுப்பாளர் எஞ்சியிருந்தும் பந்து பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தால் அது வெளிப்படையான கோல் வாய்ப்பு ஆகாமல் போகலாம். சிறு காணொளிகளில் இத்தகைய வாக்கியங்கள் பெரிய எழுத்தில் பளிச்சிடும். விதி எண்ணைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்லும் எந்தப் பதிவையும் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

ஆஃப்சைடுக்கு மேசையும் சில பாட்டில் மூடிகளும் போதும். இரண்டு நிற மூடிகளை அணிகளாக்கி, ஒரு பட்டாணியைப் பந்தாக வைத்து, பந்து உதைக்கப்படும் கணத்தில் உறையச் செய்யுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு. முன்கள ஆட்டக்காரர் ஆஃப்சைடு நிலையில், அதாவது எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசியிலிருந்து இரண்டாவது எதிராளியையும்விடக் கோலுக்கு அருகில், இருக்கிறாரா? இருந்தால் ஆட்டத்தில் தலையிட்டாரா? அந்த நிலையில் நிற்பது மட்டுமே குற்றம் ஆகாது என்பதை இந்தப் பயிற்சி உங்கள் கைக்கே சொல்லிக்கொடுத்துவிடும். கை கணக்கில் வராது. அக்குளின் அடிப்பகுதி வரை தோள், அதற்குக் கீழே கை. கடைசியிலிருந்து இரண்டாவது எதிராளிக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. கோல் கிக், த்ரோ-இன், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்தைப் பெற்றால் குற்றமே இல்லை.

கடினமான பகுதி, தடுப்பாளர் பந்தை 'வேண்டுமென்றே ஆடினாரா', அல்லது அது அவர் மீது பட்டுத் திரும்பியதா என்பது. வேண்டுமென்றே ஆடியிருந்தால் ஆஃப்சைடு குற்றம் இல்லை. ஐரோப்பிய நாடுகளின் 2021 நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிராக பிரான்சின் எம்பாப்பே அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். பந்து வந்தபோது அவர் ஆஃப்சைடு நிலையில் இருந்தார். நடுவில் தடுப்பாளர் எரிக் கார்சியா நீட்டிய காலில் பந்து பட்டது. அதை வேண்டுமென்றே ஆடியதாகக் கொண்டு கோல் கொடுக்கப்பட்டது. பெரிய விவாதம் எழுந்தது. 2022-இல் வந்த விளக்கம் அளவுகோல்களைப் பட்டியலிட்டது: பந்து தூரத்திலிருந்து வந்ததா, தெளிவாகப் பார்க்க முடிந்ததா, வேகம் குறைவா, எதிர்பார்த்த திசையிலிருந்து வந்ததா, உடலைத் தயார்ப்படுத்திக்கொள்ள நேரம் இருந்ததா. அந்தக் கோலை இந்த அளவுகோல்களோடு நீங்களே அளந்து, காரணத்தோடு உங்கள் தீர்ப்பை எழுதிப் பாருங்கள்.

துணை நடுவர் வேலைக்கு ஓர் ஆய்வு முடிவு முக்கியம். ஆஃப்சைடு தவறுகளைப் பற்றி டச்சு ஆய்வாளர்கள் 2000-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தவறுகளுக்குப் பெரும் காரணமாக அவர்கள் காட்டியது, துணை நடுவர் அந்தக் கணத்தில் தடுப்பாளரின் கோட்டில் நிற்காமல் விலகி நிற்பதை. அப்படி நின்றால் கண் நேர்மையாகப் பார்த்தாலும் காட்சியே தவறாகத்தான் தெரியும். எனவே பக்கவாட்டில் நடப்பது, முகத்தை மைதானத்தை நோக்கி வைத்து ஓடுவது, கடைசியிலிருந்து இரண்டாவது தடுப்பாளரோடு கோட்டை விடாமல் நகர்வது ஆகியவற்றைக் கொடியோடு காலியான மைதானத்தில் பயிலுங்கள். இதுவும் படிப்புதான்.

இப்போது காணொளிகள். இங்கிலாந்தின் 'மேட்ச் அஃபீஷியல்ஸ் மைக்ட் அப்' நிகழ்ச்சியில், பிரீமியர் லீக் நடுவர்களும் வீடியோ நடுவர் அறையும் பேசிக்கொள்வதை ஒலியோடு கேட்கலாம். முன்னாள் சர்வதேச நடுவர் ஹோவர்ட் வெப் உடனிருந்து விளக்குவார். அமெரிக்காவின் தொழில்முறை நடுவர் அமைப்பான பி.ஆர்.ஓ., அந்நாட்டின் முதன்மை லீக்கான எம்.எல்.எஸ். ஆட்டங்களுக்கு 'இன்சைடு வீடியோ ரிவ்யூ' என்ற பெயரில் இதே போன்ற விளக்கங்களை வெளியிடுகிறது. இரண்டுமே இலவசம். இரண்டிலும் சிறந்த அம்சம் அந்தப் பேச்சு. "தொடர்பு இருந்தது, முழங்காலுக்கு மேலே, வேகம் அதிகம்" என்று நடுவர் காரணங்களை அடுக்குவதைக் கேட்டால் விதியின் சொற்கள் மைதானத்தில் எப்படி உயிர்பெறுகின்றன என்று புரியும். ஆனால் காட்சி தொடங்கியதும் நிறுத்தி, உங்கள் நான்கு பகுதி விடையை எழுதிவிட்டு, பிறகே விளக்கத்தைக் கேளுங்கள். எழுதாமல் பார்த்தால் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

எந்தக் காட்சியையும் முதலில் இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மெதுவாக ஓட்டினால் ஒரு சாதாரண மோதலும் திட்டமிட்ட தாக்குதலாகத் தோன்றும். அனுபவமிக்க நடுவர்களை வைத்து பெல்ஜிய ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், மெதுவான காட்சியைப் பார்த்தவர்கள் கூடுதல் கடுமையான அட்டைகளைக் காட்டினார்கள். விதிப் புத்தகத்தின் வீடியோ நடுவர் பகுதியும் இதையே வழிமுறையாக்கியிருக்கிறது. தொடர்பு ஏற்பட்ட இடம், பந்து கையில் பட்டதா என்பது போன்ற உண்மைகளுக்கு மெதுவான காட்சி. மோதலின் கடுமையை எடைபோட இயல்பான வேகம். உங்கள் மைதானத்தில் மெதுவான காட்சி கிடைக்கப்போவதில்லை. அதனால் அதைப் பார்த்துக் கண்ணைப் பழக்குவதில் பொருளில்லை.

தொலைக்காட்சிக் கேமராவுக்கும் ஒரு குறை உண்டு. அது உயரத்தில், பக்கவாட்டில் இருக்கிறது. நடுவர் ஒருபோதும் அங்கிருந்து பார்ப்பதில்லை. 2025 கிளப் உலகக் கோப்பையில் நடுவர்கள் உடலில் கேமரா அணிந்து ஆடுகளத்தில் ஓடினார்கள். அந்தக் காட்சிகள் கிடைத்தால் கண்டிப்பாகப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் எவ்வளவு விரைவில் நடுவரின் கண்ணை மறைத்துவிடுகிறார்கள், ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கிறது என்பதை வேறு எந்தப் பாடமும் இப்படிக் காட்டாது.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நெதர்லாந்தின் டி யோங், 28-ஆம் நிமிடத்தில் ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் காலணியோடு உதைத்தார். ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டைதான் காட்டினார். தன் பார்வை மறைக்கப்பட்டிருந்தது என்றும், அது சிவப்பு அட்டைக்குரியது என்றும் அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆட்டத்தில் 14 மஞ்சள் அட்டைகள் வந்தன. முழு ஆட்டத்தையும் பாருங்கள். ஆனால் பந்தைப் பார்க்க வேண்டாம், நடுவரை மட்டும் பாருங்கள். பந்து போய்ச் சேருவதற்கு இரண்டு விநாடி முன்னால் அவர் எங்கே ஓடத் தொடங்குகிறார், எந்தப் பக்கம் கோணம் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உலகின் மிகச் சிறந்த நடுவர்களில் ஒருவருக்கே ஒரு கணம் காட்சி மறைந்ததென்றால், நிற்கும் இடத்தைப் பற்றி நாம் எவ்வளவு அக்கறை கொள்ள வேண்டும்!

2006 உலகக் கோப்பையிலிருந்து இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட் நகரில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டத்தில், இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் ஷிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டைகள் காட்டிய பிறகுதான் வெளியேற்றினார். இரண்டாவது அட்டையைக் குறிப்பேட்டில் ஆஸ்திரேலியாவின் மூன்றாம் எண் ஆட்டக்காரருக்கு எழுதிவிட்டதுதான் காரணம். இருவருக்கும் எண் 3. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மிக எளிய ஒழுங்கு: முதலில் ஆட்டக்காரரைத் தனியே நிறுத்தி, அணியையும் எண்ணையும் எழுதி, எழுதியதை ஒருமுறை அவர் சட்டையோடு ஒப்பிட்டு, பிறகு ஆட்டத்தைத் தொடங்குவது. துணை நடுவர்களும் தங்கள் அட்டையில் எழுத வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது, நியூரம்பெர்கில் நடந்த போர்ச்சுகல் - நெதர்லாந்து ஆட்டம். ரஷ்ய நடுவர் வாலன்டின் இவானோவ் 16 மஞ்சள், 4 சிவப்பு அட்டைகளைக் காட்டினார். தொடக்கத்திலேயே ரொனால்டோ மீது விழுந்த ஒரு கடுமையான மோதலுக்கு மஞ்சள் கொடுக்கப்பட்டது. அவர் இடைவேளைக்கு முன்பே காயத்தோடு வெளியேறினார். அந்த முதல் பத்து நிமிடங்களைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் எந்தக் கணத்தில் நடுவரை நம்புவதை விட்டுத் தாங்களே கணக்குத் தீர்க்கத் தொடங்குகிறார்கள் என்று தேடுங்கள். அட்டைகளின் எண்ணிக்கையைவிட முதல் அட்டையின் நேரமும் நிறமும் எவ்வளவு கனமானவை என்று அங்கே தெரியும்.

இவ்வளவையும் வீட்டில் இருந்தபடி செய்யலாம். இனி வருவதை வீட்டில் செய்ய முடியாது. உங்கள் ஊர் அல்லது மாவட்ட லீக் ஆட்டத்துக்குப் போய், கோட்டுக்கு அருகே தரையோடு உட்கார்ந்து, ஒரு பாதி முழுவதும் நடுவரை மட்டும் பாருங்கள். முடிந்ததும் பணிவாகப் போய் ஒரே ஒரு காட்சியைப் பற்றிக் கேளுங்கள்: "அந்த இடத்தில் நீங்கள் அட்வான்டேஜ் கொடுத்தீர்களே, என்ன பார்த்தீர்கள் சார்?" (ஃபவுல் நடந்தும் விசில் ஊதாமல், பாதிக்கப்பட்ட அணிக்குச் சாதகமாக ஆட்டத்தைத் தொடரவிடுவதுதான் அட்வான்டேஜ்.) பெரும்பாலான மூத்த நடுவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அவர்களோடு துணை நடுவராக நிற்க வாய்ப்புக் கேளுங்கள். கொடியோடு நிற்கும் ஆட்டங்களில் தீர்ப்பின் சுமை குறைவு, பார்க்கும் நேரம் அதிகம். நடுவர் மூலைக்கு மூலை குறுக்காக ஓடி, துணை நடுவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் இன்றைய முறையை வளர்த்தவர் ஸ்டான்லி ரௌஸ். 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியின் நடுவர், பின்னாளில் ஃபிஃபா தலைவர். புத்தகத்தின் படத்தில் அந்தக் குறுக்குக் கோடு எளிதாகத் தெரியும். அதை எப்போது விட்டு விலகிப் பந்தை நோக்கி நெருங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர் ஓடுவதைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

உங்கள் சொந்த ஆட்டங்களை யாரையாவது கைபேசியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். உயரமான இடத்திலிருந்து, நீங்கள் எப்போதும் சட்டகத்துக்குள் இருக்கும்படி. பார்க்கும்போது தீர்ப்பு சரியா தவறா என்பதைப் பின்னுக்குத் தள்ளி, விசில் ஊதியபோது நீங்கள் சம்பவத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள், இடையில் யார் நின்றார்கள் என்று மட்டும் எழுதுங்கள். சில ஆட்டங்களுக்குள் ஒரு வடிவம் தெரிந்துவிடும். பலருக்கும் அது ஒன்றுதான்: எதிர்த்தாக்குதலின்போது மெதுவாகத் திரும்புவது.

அது உடல்தகுதியோடு சேர்ந்த விஷயம். உயர்நிலை ஆட்டம் ஒன்றில் நடுவர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். ஃபிஃபா ஆண் நடுவர்களுக்கான சோதனையில் 40 மீட்டரை ஆறு முறை, ஒவ்வொன்றையும் ஆறு விநாடிக்குள் ஓட வேண்டும். அடுத்து 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடந்து, இதை 40 முறை செய்ய வேண்டும். தொடக்கநிலைத் தேர்வில் கேட்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். அளவுகளை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சியின் வடிவத்தை இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: காலையில் நீண்ட ஒரே சீரான ஓட்டம் மட்டும் ஓடுகிறவர்களைவிட, ஓடி நடந்து ஓடுகிறவர்கள் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் தெளிவாக இருப்பார்கள்.

தேர்வுப் பாதை மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் தொடங்குகிறது. அங்கே நேரில் சென்று அடுத்த நடுவர் பயிற்சி முகாம் எப்போது என்று கேளுங்கள். இணையத்தில் தேடுவதைவிட இது விரைவான வழி. எழுத்துத் தேர்வு, உடல்தகுதி, மைதானத்தில் நேரடி மதிப்பீடு என்று படிப்படியாகப் போகும். பிறகு மாநிலம், அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு. ஃபிஃபா பட்டியலுக்குப் பெயர்களைப் பரிந்துரைப்பது தேசியக் கூட்டமைப்புதான். நடுவருக்குக் குறைந்தது 25 வயதும் துணை நடுவருக்கு 23 வயதும் ஆகியிருக்க வேண்டும். நம் ஊர்களிலிருந்து இந்தப் பாதை முழுவதையும் நடந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராக நின்றார். திண்டுக்கல்லின் ரூபா தேவி ஃபிஃபா நடுவரானார். ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்தில் பிரான்சின் பெண் நடுவர் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் 2022 டிசம்பர் 1 அன்று விசில் ஊதியபோது, அவரோடு நின்ற துணை நடுவர்கள் இருவரும் பெண்களே. உங்கள் பள்ளியின் மாணவிகளில் யாருக்கேனும் இதில் ஆர்வம் இருந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் குறைவு. உள்ளே குண்டுமணி இல்லாத விசில் ஒன்று வாங்குங்கள். ஃபாக்ஸ் 40 வகை மழையிலும் நனைந்து அடைத்துக்கொள்ளாது. கைக்கடிகாரம் இரண்டு: ஒன்று நிற்காமல் ஓட, மற்றொன்று நிறுத்தி ஓட்ட. அட்டைகள், குறிப்பேடு, பென்சில் இரண்டு, டாஸ் போட நாணயம். சான்றிதழ் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இணையப் படிப்புகளில் சேருவதற்கு முன், அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வீர்களா என்று உங்கள் மாவட்டச் சங்கத்திடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, யாரும் சொல்லித்தராத ஒரு பாடம், அறிக்கை எழுதுவது. சிவப்பு அட்டை காட்டினால் அன்றிரவே எழுத வேண்டும். முதல் அறிக்கையை உண்மையான சம்பவம் வரும்வரை காத்திருந்து எழுதாதீர்கள். டி யோங்கின் உதைக்கு இன்றே ஒன்று எழுதிப் பழகுங்கள்: எந்த நிமிடம், எந்த அணி, எந்த எண், பந்து எங்கே இருந்தது, அவர் காலின் எந்தப் பகுதி எதிராளியின் உடலில் எங்கே பட்டது, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், உங்கள் பார்வை மறைக்கப்பட்டிருந்ததா, விதி 12-இன் எந்தப் பிரிவு, ஆட்டம் எப்படி மீண்டும் தொடங்கியது. 'கொடூரமாக', 'வேண்டுமென்றே பழிவாங்க' போன்ற சொற்களை அடித்துவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் விடுங்கள். எழுதி முடித்ததை உங்கள் மாவட்டத்து மூத்த நடுவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். அவரைச் சந்திக்க அதுவே நல்ல காரணமாகவும் அமையும்.